லீவு நாள் அடுப்பு

மைக்கக்காவுக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் நின்றுகொண்டு, "தட்டைக் கழுவாம யாரும் நகரக் கூடாது!" என்று அவள் ஒரு சத்தம் போட்டால், எதிர்த் தெருவில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்களும் எழுந்து தட்டைக் கழுவி வைப்பார்கள் என்று சொல்வார்கள். பெயர் வைத்தது பிள்ளைகள். அவர்களிடமிருந்து ஆசிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள், பிறகு தெருவே பிடித்துக்கொண்டது. வீட்டில் வாக்குவாதம் முற்றினால் அவள் புருஷனும், "மைக்கைக் கொஞ்சம் அமத்து" என்பார். அவள் அமத்த மாட்டாள்.

அந்தப் பெரிய குரலை அவள் பொதுக்காரியத்துக்குத் திருப்பியது ஒரு பெரிய லீவுக்கு அப்புறம். பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள். வழக்கம்போலத்தான் சமைத்திருந்தாள். பாதி வரிசை முடிவதற்குள் அண்டாவின் அடி தெரிந்தது. பிள்ளைகள் பேசவில்லை. தள்ளுமுள்ளு இல்லை, "அவன் எனக்கு முன்னாடி வந்துட்டான்" என்ற புகார் இல்லை. குனிந்த தலை நிமிராமல் தின்றார்கள். சத்தமில்லாத சாப்பாட்டுக்கூடத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு பயல் மூன்றாம் தடவை தட்டை நீட்டிவிட்டு, பாதியில் ஓடிப்போய்ச் சுவரோரம் வாந்தி எடுத்தான். வாயைக் கழுவிக்கொண்டு மறுபடி வந்து வரிசையில் நின்றான்.

"வளர்ற பிள்ளைங்க, அப்படித்தான் இருக்கும்" என்றார் தலைமையாசிரியை.

"ஒரே மாசத்துல எல்லாப் பிள்ளையும் சேர்ந்தாப்பல வளருமா டீச்சர்?" என்றாள் மைக்கக்கா.

அன்றைக்குப் பிடித்ததுதான் அவளை. பள்ளிக்கூடம் மூடினாலும் சமையற்கட்டை மூடக் கூடாது, லீவிலும் ஒரு வேளைச் சாப்பாடு போட வேண்டும். கேட்டால் இவ்வளவுதான். ஆனால் இவ்வளவையும் சொல்ல அவள் ஏறி இறங்காத படி இல்லை. கூடவே போனவர் ரிட்டயர்டு தபால்காரர். மனைவி போனபிறகு பகலில் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த மனுஷன். எந்த ஆபீஸ் எந்த மாடியில், எந்தக் குமாஸ்தா எந்நேரம் டீ குடிக்கப் போவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் வழி காட்டுவார், அவள் பேசுவாள். அதுதான் ஒப்பந்தம்.

ஒரு ஆபீசில், "பள்ளிக்கூடமே மூடியிருக்கு, சமையற்கட்டை மட்டும் எப்படிம்மா திறக்கறது?" என்று கேட்டார்கள்.

"வயிறு லீவு போடலையே சார்."

இன்னொரு இடத்தில், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒருவர் சொன்னார்: "லீவுன்னா வீட்ல அம்மா சமைச்சுப் போடுவாங்கல்ல?"

"போடுவாங்க சார். எதைப் போடுவாங்கன்னு கேளுங்க."

தபால்காரர் வெளியே வந்ததும் சிரிப்பார். "நீ பேசினதுல அந்த ஆளு துடைச்ச கண்ணாடியையே திரும்பத் துடைச்சாரு பாத்தியா?" சிரித்துக்கொண்டே அடுத்த படிக்குப் போவார்கள். பதில் மட்டும் எங்கும் ஒன்றுதான்: பார்ப்போம்.

இதையெல்லாம் பேசுகிறவளின் வீட்டு நிலவரம் தபால்காரருக்குக்கூடத் தெரியாது. புருஷன் லேத் பட்டறையில் இருந்தவர். பட்டறையை இழுத்து மூடிவிட்டார்கள். வேறு இடம் தேடலாம் என்றால் முதுகு விடவில்லை. அவ்வப்போது யாராவது பூட்டு, பம்பு என்று ரிப்பேருக்குக் கொண்டுவந்தால் உண்டு. மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள், அவளுக்கே இழுபறி. சமையற்கட்டு வேலைக்குப் பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில்தான் சம்பளம். அந்த மாதங்களில் மத்தியானம் பிள்ளைகளோடு அவளும் சாப்பிட்டுவிடுவாள். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று விதி. விதியை மீறுகிறவளும் இல்லை. சாயங்காலம், "நான் ஸ்கூல்ல நல்லா சாப்பிட்டேங்க, நீங்க போட்டுக்கோங்க" என்பாள். அவர் பாதியைப் போட்டுக்கொண்டு, "எனக்கு இப்பல்லாம் பசியே எடுக்கறதில்ல" என்று மீதியை மூடிவைப்பார். லீவு வந்தால் முதல் வாக்கியத்தைச் சொல்ல வழியில்லை. இரண்டாவது வாக்கியத்தை இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்வார்கள். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதே கிடையாது.

அந்த வருஷம் புதிதாக ஒரு பெண் அதிகாரி வந்தாள். வயது குறைவு, பேச்சும் குறைவு. மைக்கக்கா பேசி முடிக்கும்வரை போனை எடுக்காமல் கேட்ட முதல் அதிகாரி அவள்தான்.

"அம்மா, இந்த வருஷம் ஒரே ஒரு பகுதியில மட்டும் சோதனையா செய்யலாம்னு அனுமதி வந்திருக்கு. ரெண்டு இடம் கைவசம் இருக்கு, உங்க தெரு ஒண்ணு. நாளைக்கு நானே வர்றேன். கொஞ்சம் வீடுங்கள்ல உக்காந்து பேசணும். அவங்க சொல்றதை வெச்சுத்தான் எழுத முடியும். இங்க நடந்தா அடுத்த வருஷம் எல்லா இடத்துக்கும் கேக்கலாம்."

படியிறங்கும்போது மைக்கக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தபால்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டார். "தூசி" என்றார்.

தப்பு அங்கேதான் நடந்தது. நடக்கும்போது அது தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. அன்று சாயங்காலமே அவள் தெருவின் தலைப்பிலிருந்து கடைசிவரை நடந்தாள். "ஏம்மா, நாளைக்கு ஒரு பெரிய அதிகாரி நம்ம வீடுங்களுக்கு வர்றாங்க! நம்ம பிள்ளைங்க விஷயமா! மரியாதையா பேசுங்க, வீட்டை வாசலைக் கொஞ்சம் பாக்கற மாதிரி வைங்க!" தன் வீட்டுக்கு ஒரு ஆள் வருகிறது என்றால் எந்தப் பெண்பிள்ளையும் சொல்கிறதைத்தான் அவளும் சொன்னாள். என்ன பேச வேண்டும் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லித் தர வேண்டும் என்றே நினைக்கவில்லை. இருக்கிறதைச் சொல்லப் போகிறார்கள், அதற்கு என்ன பாடம்?

மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. காலையில் தெருவைப் பார்த்ததும் அவளுக்கே பெருமையாகத்தான் இருந்தது. குழாயடியில் பிள்ளைகளை நிறுத்தித் தேய்த்திருந்தார்கள். தலை படிய வாரி, இருப்பதில் நல்ல சட்டையாகப் போட்டுவிட்டிருந்தார்கள். உடைந்த கதவுக்கு முன்னால் ஒரு சேலையைத் திரையாக மாட்டியிருந்தாள் ஒருத்தி. அதிகாரி வண்டியிலிருந்து இறங்கி, அந்தத் தெருவை மேலும் கீழும் பார்த்தாள். "சுத்தமா வெச்சிருக்கீங்களே" என்றாள் மனதார.

"எல்லாம் எங்க பொம்பளைங்க கைவேலை மேடம்!" என்றாள் மைக்கக்கா.

முதல் வீட்டில் டீயும் பிஸ்கட்டும் வந்தன. விளிம்பில் நீலக்கோடு போட்ட தட்டு. அதிகாரி ஒன்றை எடுத்துக்கொண்டு, அப்புறம் கேட்டாள்: "லீவு நாள்ல பிள்ளைங்க சாப்பாட்டுக்குச் சிரமமா இருக்குமாம்மா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம். இருக்கறதை வெச்சு நல்லபடியா போயிட்டிருக்கு."

மைக்கக்கா, கேள்வி புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். இரண்டாம் வீட்டில் பெரியவர் ஒருவர், "எங்க வம்சத்துல சோத்துக்குக் கஷ்டப்பட்டவன் கிடையாது மேடம்" என்று மீசையைத் தடவினார். போன லீவில் அவருடைய பேரன் தெருமுனைப் பழக்கடையில் அழுகினதைப் பொறுக்கிக்கொண்டு நின்றதை மைக்கக்கா தன் கண்ணால் பார்த்திருந்தாள். அங்கேயும் டீ வந்தது, பிஸ்கட் வந்தது. அதே நீலக்கோட்டுத் தட்டு. ஒரு பிஸ்கட் குறைவு. வாசல் வழியாக அதிகாரி வருவதற்குள் பின்சந்து வழியாகத் தட்டு ஓடிவந்திருந்தது. தூக்கிவந்த பெண்ணுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. தெரு முழுக்கச் சேர்ந்து வாங்கின ஒரே பாக்கெட். பிள்ளைகள் கையை வைக்கக் கூடாது என்று எச்சரித்திருப்பார்கள். தட்டு எந்தப் பக்கம் நகர்ந்ததோ அந்தப் பக்கம் அவர்களுடைய கண்ணும் நகர்ந்தது.

வேறு நாளாக இருந்தால் மைக்கக்கா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். தபால்காரர் அவள் காதருகில் குனிந்து, "தட்டுக்கே கால் வலிக்கும்" என்று முணுமுணுத்தபோது அவள் அவரைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

மூன்றாவது தையல்காரி வீடு. அவளைத்தான் மைக்கக்கா மலைபோல் நம்பியிருந்தாள். புருஷன் விட்டுப் போனவள், இரண்டு பெண்பிள்ளைகள். ஆர்டர் இல்லாத நாளில் அடுப்பும் இல்லை. போன லீவில் சின்னவள் மயங்கி விழுந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியது மைக்கக்காதான்.

"ரெண்டு வேளையா, மூணு வேளையாம்மா?" என்று கேட்டாள் அதிகாரி.

"மூணு வேளையும்தான் மேடம். நடுவுல தீனி வேற கேக்குதுங்க, அடங்கறதே இல்ல" என்று சிரித்தாள் தையல்காரி. சின்னவள் அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா அவள் தோளில் கை வைத்தாள். அவ்வளவுதான். பிள்ளை தரையைப் பார்த்தது.

மைக்கக்கா தண்ணீர் கேட்கிற சாக்கில் அவளைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "என்னடி நாக்கு உனக்கு? அந்தப் பிள்ளை விழுந்து கிடந்தது மறந்துபோச்சா?"

"மறக்கலைக்கா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன சொல்லச் சொல்றீங்க? பெத்ததுக்குப் போட வக்கில்லைன்னு, இதுங்களைப் பக்கத்துல உக்காத்தி வெச்சுக்கிட்டே சொல்லணுமா? அவங்க எழுதிக்கிட்டுப் போவாங்க. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து, உன்னால முடியலைன்னா பிள்ளைங்களை விடுதியில விடுன்னு கூட்டிட்டுப் போனா? நீங்க வந்து நிப்பீங்களா?"

"அந்த மேடம் அப்படிப்பட்டவங்க இல்லடி."

"எனக்கெப்படிக்கா தெரியும்? நேத்து நீங்கதானே மரியாதையா பேசச் சொன்னீங்க?" அவள் குரல் தாழ்ந்தது. "அவ்வளவு சுலபம்னா நீங்க சொல்லுங்களேன், உங்க வீட்டுக் கதையை."

மைக்கக்கா அவளை முறைத்தாள். தன் வீட்டுக் கதை இவளுக்கு எப்படித் தெரியும்? சுவர் ஒன்றுதானே இரண்டு வீட்டுக்கும், தெரியாமல் எப்படி இருக்கும்?

கடைசியில் அதிகாரியே, "உங்க வீடு எதும்மா? அங்கயும் கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்" என்றாள்.

வீட்டில் அவள் புருஷன் இஸ்திரி போட்ட சட்டையில் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். எந்தப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்தாரோ, மடிப்பு மார்பில் கோடு போட்டிருந்தது. எழுந்து கைகூப்பினார். முதுகு வலியை அவர் முகத்தில் காட்டவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்தது.

"இவ்வளவு நாளா இதுக்காகக் குரல் கொடுத்தது நீங்க" என்றாள் அதிகாரி. "உங்க வீட்ல எப்படிம்மா? லீவு மாசத்துல சம்பளம் கிடையாதுல்ல?"

கேள்வி சரியான இடத்தில் வந்து விழுந்தது. தானாகத் திறந்த கதவு. ஒரு வார்த்தை போதும். மைக்கக்கா வாயைத் திறந்தாள். புருஷன் அவளைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தார். லேத்தில் வேலை பார்த்த கைகள், விரல்நுனியெல்லாம் இன்னும் கறுப்பு. அந்தக் கைகளைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்காக ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த மனுஷன் உட்கார்ந்திருக்கிறார்.

"பரவால்ல மேடம்" என்றாள். "எங்களுக்கென்ன, ரெண்டே பேரு." அவளுடைய குரலா அது என்று தபால்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஆனா மத்தவங்க வீட்ல..." என்று அவசரமாகத் தொடங்கினாள்.

"மத்தவங்களும் இதையேதான் சொன்னாங்கம்மா" என்றாள் அதிகாரி. குத்திக்காட்டவில்லை. வருத்தமாகவே சொன்னாள்.

வண்டி போனபிறகு தபால்காரர் வாசற்படியில் உட்கார்ந்தார். "ஊருக்கெல்லாம் கேக்கற மைக்கு, சொந்த வீட்ல மட்டும் வேலை செய்யலையே" என்றார். அவருக்கே அது வேடிக்கையாக இல்லை, எழுந்து போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலையில், அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது புருஷன் பின்னால் வந்து நின்றார்.

"அன்னிக்கு எனக்காகத்தானே சொல்லாம விட்ட?"

"உங்களுக்காக ஒண்ணுமில்ல. வாய் வரலை."

"போய்ச் சொல்லிடு."

"என்னன்னு?"

"இருக்கறதைத்தான். வேலைக்கு ஆகாதவன், வீட்ல சும்மா உக்காந்திருக்கான், சில நாள் ராத்திரி ரெண்டு பேரும் தண்ணியைக் குடிச்சிட்டுப் படுக்கறோம்னு சொல்லு. என் பேரைச் சொன்னாலும் சொல்லு. யாரோ ஒருத்தர் ஆரம்பிக்கணும்ல?" அவர் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். "நானும் கூட வர்றேன். மாடி ஏற முடியாது. கீழ நிக்கறேன்."

அவள் கையைக் கழுவிக்கொண்டு, அன்றைக்குச் சமையலுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியனுப்பினாள். இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை.

பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். எங்க வீட்ல இல்ல மேடம். அன்னிக்குச் சொன்னது பொய். எங்க தெருவே சொன்னது பொய். பிஸ்கட் தட்டு ஒண்ணுதான் மேடம். எல்லாம் வரிசையாக வந்தது. ஆபீஸ் எதிரில் புருஷனை நிழலில் நிறுத்திவிட்டு, மாடி ஏறும்போதும் வந்தது.

போன நேரம் மத்தியானம். அதிகாரி மேஜைமேல் பேப்பரை விரித்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். அறைக்குள் சாப்பாட்டு வாசனை. காலையில் வெறும் டீயோடு கிளம்பினவளுக்கு வாயில் நீர் ஊறியது.

"அடடே, வாங்கம்மா! சரியான நேரத்துக்கு வந்தீங்க. உக்காருங்க, ஒரு வாய் சாப்பிடுங்க. நிறையத்தான் இருக்கு."

"ஐயோ வேண்டாம் மேடம், நீங்க சாப்பிடுங்க! நான் இப்பதான் சாப்பிட்டுக் கிளம்பினேன்."

வார்த்தை தானாக வந்தது. யார் கேட்டாலும் எங்கே கேட்டாலும் வருகிறது போல, மூச்சு போல.

"பரவால்லம்மா, கொஞ்சமா."

"வயிறு முட்டச் சாப்பிட்டேன் மேடம், இடமே இல்ல."

அதிகாரி சிரித்துக்கொண்டு தன் முதல் கவளத்தை எடுத்தாள். "சொல்லுங்கம்மா. என்ன விஷயமா வந்தீங்க?"

மைக்கக்கா உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வரிசையாக வந்ததெல்லாம் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. ஆனால் அதில் முதல் வாக்கியத்தை இப்போது எப்படி எடுப்பது? எங்க வீட்ல இல்ல மேடம் என்று சொன்னால், இப்போது சொன்னது என்ன? இதைப் பொய் என்றால் அதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? நம்பினாலும் அந்தப் பெண் அடுத்து என்ன செய்வாள்? டிபன் பாக்ஸை இந்தப் பக்கம் நகர்த்துவாள். அந்த நினைப்பே மைக்கக்காவின் முகத்தைச் சுட்டது.

அதனால் அவள் எப்போதும் பேசுகிறதைப் பேசினாள். லீவு முடிந்து வருகிற பிள்ளைகள், அண்டாவின் அடி, சுவரோரம் வாந்தி எடுத்த பயல். நன்றாகத்தான் பேசினாள். பக்கத்து அறையிலிருந்து ஒரு குமாஸ்தா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதிகாரி மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "உங்களை நான் நம்பறேன்மா. நிஜமா நம்பறேன். ஆனா என் கையில இருக்கறது உங்க தெரு சொன்ன பதில்தான். மேல இருக்கறவங்க அதைத்தான் பாப்பாங்க. அந்த இன்னொரு இடத்துல ஒரு அம்மா வீட்டுப் பானையைக் கவுத்தே காட்டினாங்க. சாயங்காலம்தான் எழுதி அனுப்பணும். வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க, சேத்துக்கறேன்."

சுவரில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அதிகாரி கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அவ்வளவுதான் மேடம்" என்றாள் மைக்கக்கா. "நீங்க சாப்பிடுங்க, ஆறிடும்."

கீழே புருஷன் நிழல் நகர்ந்ததுகூடத் தெரியாமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் நிமிரப் பார்த்தார்.

"சொல்லிட்டியா?"

"சாப்பிட்டுட்டிருந்தாங்க."

"சரி. அப்புறம்?"

"என்னையும் சாப்பிடச் சொன்னாங்க."

அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டாச்சுன்னு சொல்லிட்டியாக்கும்" என்றார். அவள் தலையசைத்தாள். "பின்ன வேற என்னத்தச் சொல்லுவ? நானா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்."

"சாயங்காலம்தான் அனுப்புவாங்களாம். இன்னும் நேரம் இருக்கு."

"போறியா?"

மாடி ஜன்னலை இரண்டு பேரும் பார்த்தார்கள். யாரோ கைகழுவிய தண்ணீர் குழாய் வழியாகச் சுவரில் இறங்கி வந்தது. அவர்களுடைய பஸ் வந்தது, ஏறவில்லை, விட்டார்கள். அவள் ஓரடி வாசலைப் பார்த்து எடுத்து வைத்தாள், தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவினாள், திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றாள். தையல்காரியின் சின்னவளுக்கு அடுத்த வாரத்திலிருந்து லீவு.

"முதுகு வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றார் அவர்.

அடுத்த பஸ் கூட்டமாக வந்தது. ஏறிக்கொண்டார்கள்.